முதுகில் ஊசியா? இதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்!

"வைத்தியரே, முதுகுத்தண்டுல ஊசி போடணும்ங்கறாங்க. போட்டுக்கலாமா?"

இடுப்பில் ஆரம்பித்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும் வலியோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. சித்த வைத்தியன் 'வேண்டாம்' என்றுதான் சொல்வான் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது! தைலத்துக்கும் தொக்கணத்துக்கும் மசியாத நரம்பு வலியும் உண்டு. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் சொல்வது இதுதான்: "எதைப் பார்த்துப் போடுவீங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க."

கையின் உணர்வை மட்டும் நம்பிப் போட்டால் ஊசி இடம் தவறலாம். 'சி-ஆர்ம்' எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். கொஞ்சம் சாய மருந்தைச் செலுத்தினால், ஊசிமுனை ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். சங்கதியே அங்குதான் இருக்கிறது. மருந்து தமனிக்குள் புகுந்தால், அபூர்வமாகப் பக்கவாதம்கூட வரலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-ல் இப்படிப்பட்ட விபரீதங்களைச் சொல்லி எச்சரித்தது.

சி.டி. நுணுக்கமாகக் காட்டும், கதிர்வீச்சு பொதுவாக அதிகம். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. வால் எலும்பு வழியாகப் போடும் ஊசிக்கு நல்ல துணை. ஆனால், எலும்புக்குப் பின்னால் அதற்குக் கண் தெரியாது! என் ஓட்டு சாயத்தோடு சேர்ந்த சி-ஆர்முக்கே.

ஊசி தருவது சில வார, சில மாத நிம்மதிதான். சர்க்கரை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். பாதம் தொங்கிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ என்னிடமும் வராதீர்கள், ஊசிக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.