தூரத்தை எந்தக் கோலால் அளப்பது?

அடுகோடி வாழ் உழைப்பாளித் தோழர்களே, தாய்மார்களே!

பெங்களூருக்கும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இவ்விரு நகரங்களுக்கு இடையே வழியில் எங்கும் நில்லாத விமானத்தைத் தொடங்கியது. முதல் விமானத்தைச் செலுத்தி வந்த விமானிகள் அனைவரும் பெண்கள். வடதுருவப் பாதையில் பறந்து வந்த அவர்களின் திறமையைப் பாராட்டுவோம்.

"ஒன்பதாந் தேதி ராத்திரி கெளம்பி பதினொண்ணாந் தேதி விடியக்காலம் வந்தாங்களாமே அண்ணே, ரெண்டு நாளா பறந்தாங்க?" என்று ஒரு தாய் நம்மைக் கேட்டார். இல்லை. பறந்தது சுமார் 17 மணி நேரமே. குளிர்காலத்தில் நம் கடிகாரம் அந்த ஊர்க் கடிகாரத்தைவிடப் பதின்மூன்றரை மணி முந்தி நிற்கிறது. தேதி தாண்டியதற்கு அதுவும் காரணம். துருவத்தைச் சுற்றுவானேன் என்றால், சுவரில் தொங்கும் தேசப்படம் தட்டை, பூமியோ உருண்டை. ஒரு பூசணிக்காயின் இரு பக்கங்களை நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், குறுக்கு வழி உச்சியை ஒட்டிப் போவது தெரியும்.

இனி நம் பயணத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரயில் பாதை 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விரைவு இரயிலில் ஏறக்குறைய 14 மணி நேரம். விமானம் இருபது மடங்கு தூரம் போகிறது. கூடுதலாக எடுப்பதோ மூன்று மணி நேரம்! அந்த 14 மணி நேரமும் முன்பதிவில்லாப் பெட்டியில், கைக்குழந்தையோடு கழிவறை வாசலில் நின்று போகிறவர்கள் நம் மக்கள்.

வேகம் வரவே இல்லை என்று சொல்லமாட்டோம். 2013-இல் சேலம்–கரூர் பாதை நாமக்கல் வழியே திறந்ததால் ஈரோட்டைச் சுற்றும் வேலை குறைந்தது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய மதுரை–பெங்களூர் வந்தே பாரத் சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. ஆனால் அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட இல்லை. வேகம் வந்தது, நமக்கு வரவில்லை.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. ஊரில் தாய் இறந்தால் சாவு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தா வருகிறது? தட்கலில் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அதுவும் நிமிடங்களில் தீர்ந்துவிடும். முகம் பார்க்காமல் பால் தெளிக்கப் போய்ச் சேர்ந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களுக்குச் சான்பிரான்சிஸ்கோவைவிடச் சங்கரன்கோவில் தூரம்!

பயணச்சீட்டு அலுவலகத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்கிறோம். அவசர ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. அதிகாரிகளுக்கு மட்டும் உரியதல்ல அது. குடும்பத்தில் சாவு, கடும் நோய் என்றாலும் எழுத்துமூலம் கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கேட்கும் உரிமை உண்டு. மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

தெற்கே போகும் ஒவ்வோர் இரவு இரயிலிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். பொங்கல், தீபாவளிச் சிறப்பு இரயில்களைச் சாதாரணக் கட்டணத்தில் விட வேண்டும். இவை சலுகைகள் அல்ல. இந்த நகரத்தைக் கட்டிய கைகள் கேட்கும் கூலியின் மிச்சம்.

தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பவன் விமானி. நாம் அதை நாள்கூலியால் அளக்கிறோம். அந்தக் கணக்கை இரயில்வேக்குச் சொல்லும் கையெழுத்து இயக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சேருங்கள்!