சாக்லேட்டில் சத்து எவ்வளவு?

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, செம்பாக்கம் பக்கம் குடியேறிய பல குடும்பங்களுக்கு இன்னும் ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் என்று ஊர்கள் வேறுபடலாம்; மானாவாரியில் போடுவது பெரும்பாலும் மல்லாட்டைதான். விளைந்த நிலக்கடலை முழுவதையும் கமிட்டியில் போட்டுவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெரியவர் தெருமுனைக் கடையில் சாக்லேட் வாங்கிப் போகிறார். குழந்தை மகிழட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. ‘உடம்புக்கு நல்லது’ என்று நம்பி வாங்குவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோகோ சத்தற்ற பொருள் அன்று. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளரும் மரம் அது. காயை உடைத்து, விதையைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால்தான் அந்த மணம் கிடைக்கும். விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. மக்னீசியம், இரும்பு, இரத்தக் குழாய்களுக்கு நன்மை தரும் துவர்ப்புப் பொருட்கள் எல்லாம் உண்டு. ஆனால் விதை கசக்கும். அந்தக் கசப்பை மறைக்கச் சேர்க்கும் சர்க்கரையில்தான் கணக்கு மாறிவிடுகிறது.

நாற்பது கிராம் பால் சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி, சர்க்கரை. புரதம் 3 கிராம். அதே எடை நிலக்கடலைப் பருப்பில் புரதம் 10 கிராம். சர்க்கரை 2 கிராம். இரண்டுமே 200 கலோரிக்கு மேல் தருபவை, ஆகவே சாக்லேட்டில் தெம்பு இல்லை என்று சொல்வதற்கில்லை. வளரும் பிள்ளைக்கு வேண்டியது வெறும் தெம்பு மட்டுமா? சேர்க்கும் சர்க்கரையைப் பெரியவர்களே நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியிருக்கிறது.

மலிவு வகைகளில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேரும். உறையைத் திருப்பிப் பாருங்கள்: எது எடையில் அதிகமோ அதன் பெயர்தான் முதலில் இருக்கும். பாலில் கலக்கும் மாவுகளையும் இப்படியே பார்க்க வேண்டும. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கவேண்டாம் என இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

கடலை மிட்டாய் மேல் என்பேன். கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் வெல்லமும் சர்க்கரைதான், அளவு வேண்டும். வேகவைத்த கடலைக்கு அந்தக் கவலையும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு முழுப்பருப்பு தொண்டையில் அடைக்கும், பொடித்துக் கொடுங்கள்.

ஆகவே அறுவடையில் அரை மூட்டையாவது வீட்டுக்கு நிறுத்துங்கள். அதுவும் முதல் தரமாக இருக்கட்டும். நல்லதை விற்றுவிட்டு, சுருங்கியதையும் சொத்தையையும் வீட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுவதும் போகாது. ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் பதத்தில் கட்டி வையுங்கள். கழித்த சொத்தையைக் கறவை மாட்டுக்கும் போட வேண்டாம். அந்த நஞ்சு பாலில் இறங்கும்.