கற்றவர் கரைக்கு வரட்டும்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். இரு வாரங்களுக்கு முன்புதான் பூகோள வகுப்பில் ஆழிப்பேரலையின் அறிகுறிகளைப் படித்திருந்தாள். கடற்கரை காலியாயிற்று, பலர் உயிர் பிழைத்தனர்.

சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்தபின், அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்பதை அறிஞர் அன்றே அறிந்திருந்தனர். நம் கரையிலோ, உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்றோர் உண்டு. அறிவு இருந்தது; அது கரைக்கு வந்து சேரவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் கடலியல் பயில்கின்றனர். அலையின் வேகத்தைக் கணக்கிடக் கற்பிப்போர், அதனை மீனவக் குடும்பத்துக்கு விளக்கவும் கற்பிக்க வேண்டாமா? மாணவர் முதலில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நம் மக்கள் காற்றை அறிந்த முறையைக் கேட்கட்டும். பின்னர் அம்மொழியிலேயே பேசட்டும். கேட்ட மூதாட்டியால் அதைத் திருப்பிச் சொல்ல இயலாவிடில், தேர்வில் தவறியவர் மாணவரே.

நம் ஆண்டவரும் படகில் அமர்ந்து, கரையில் நின்றோருக்கு விதைப்பவனின் உவமையால் அன்றோ இறையாட்சியை விளக்கினார்!

விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளையிடம், "கடல் ஏன் உள்வாங்குகிறது?" என்று வினவுங்கள். "அலைக்கு முகடும் உண்டு, பள்ளமும் உண்டு, பாட்டி. பள்ளம் முந்தி வந்தால் கடல் பின்வாங்கும். முகடு பின்னாலேயே வரும். நில்லாமல் மேட்டுக்கு ஓடுங்கள்" என்று சொன்னால், அப்பிள்ளை கற்றது வீண்போகவில்லை.