அளவுக்கு மீறி ஏற்றாதே!



லொறி எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது அதன் பதிவுப் புத்தகத்திலேயே உள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி அதை மீறுவது குற்றம். அச்சுச் சுமை இரட்டித்தால் வீதிச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். கடுகண்ணாவ இறக்கத்தில் பிறேக் சூடேறிப் பிடிக்காமலும் போகலாம்.

2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் ஆசனங்களைவிட அதிகமானோர் இருந்தனர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழுந்து மூட்டைகளின் மேல் நம் பெண்களை ஏற்றி அனுப்புவதும் இதே ஆபத்துதான்.

"இன்னொரு நடை எதற்கு?" என்று கேட்கும் நிர்வாகம், வழக்கு வந்தால் சாரதியையே கைகாட்டும். மறுக்கும் சாரதிக்குத் தோட்டக் கமிட்டி துணை நிற்க வேண்டும். மிச்சமாகும் டீசல் அவர்களுக்கு. போகும் உயிர் நமக்கு.