உழைத்த உடலுக்கு உணவு

உடலை வருத்தி உழைத்த பின்போ, தேகாப்பியாசம் செய்த பின்போ மனிதன் எதை உண்ண வேண்டும் என்பது, முதற்பார்வைக்குத் தலையங்கத்தில் ஆராய வேண்டிய விஷயமாகத் தோன்றாது. அது வீட்டுப் பெண்டிரும் வைத்தியர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளும் காரியம் என்று சிலர் கருதலாம். ஆனால், பல்லாயிரம் மக்கள் ஒரே பிரதேசத்தில் கூடி, வீட்டையும் அடுப்பையும் விட்டுப் பிரிந்து, இரவு பகலாக ஆலைகளில் பாடுபடும்போது, அவர்கள் வேலை முடிந்து வெளியே வரும் வேளையில் என்ன ஆகாரம் கிடைக்கிறது என்பது பொதுஜனப் பிரச்னையாகிவிடுகிறது. திருவள்ளூர் ஜில்லாவில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டியில், இன்று அந்த நிலைமைதான் இருக்கிறது.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் சென்று பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். இரும்பை உருக்கும் ஆலைகளிலிருந்தும், கம்பி இழுக்கும் ஆலைகளிலிருந்தும், இன்னும் பலவிதத் தொழிற்சாலைகளிலிருந்தும் மனிதர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் தமிழர் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள ஆந்திரர் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அஸ்ஸாம் ஆகிய தூரப் பிரதேசங்களிலிருந்து வந்த சகோதரர்களும் ஏராளமாக உண்டு. அந்த நேரத்தில் அவர்களை எதிர்கொண்டு அழைப்பவை பாஸ்ட் புட் வண்டிகளும் பரோட்டாக் கடைகளுமே. பெரிய இரும்புச் சட்டியில் வறுத்த சோறும், நூடுல்ஸும், சிவப்புச் சாயம் பூசிய சில்லி சிக்கனும் ஐந்து நிமிஷத்தில் தட்டுக்கு வந்துவிடுகின்றன. வேலை முடிந்து 'ஜிம்' என்னும் தேகப் பயிற்சிக் கூடத்துக்குப் போய் இரும்புக் குண்டு தூக்கிவிட்டு வரும் வாலிபர்களும் அதே வண்டிகளின் முன்தான் நிற்கிறார்கள்.

தேகப் பயிற்சிக்குப் பின் இத்தகைய உணவை உண்டால் கெடுதி இல்லை என்றும், விஞ்ஞானமே அதற்குச் சான்று அளித்திருக்கிறது என்றும் வாலிபர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மொன்டானா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2015-ஆம் வருஷம் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நல்ல பயிற்சி பெற்ற 11 ஆடவர்களை 90 நிமிஷ நேரம் கடுமையாகச் சைக்கிள் மிதிக்கச் செய்து, அவர்களுடைய தசைகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்த சர்க்கரைச் சத்தைக் குறையச் செய்தார்கள். பிறகு நான்கு மணி நேர ஓய்வு. அந்த ஓய்வின்போது ஒரு தடவை விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படும் விசேஷ பானங்களையும் கட்டிகளையும் கொடுத்தார்கள். மற்றொரு தடவை, மாவுச்சத்தின் அளவு ஏறக்குறைய சமமாக இருக்கும்படி, பிரசித்தமான கடைகளில் விற்கும் பன்ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு முதலியவற்றைக் கொடுத்தார்கள். அதன்பின் 20 கிலோமீட்டர் தூரம் சைக்கிள் ஓட்டச் சொன்னார்கள். இரண்டு தடவையும் தசைகளில் சத்து திரும்பச் சேர்ந்ததிலும், ஓட்டிய வேகத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

இந்தப் பரிசோதனையை நாம் குறை கூறவில்லை. அது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பகுத்துப் பார்ப்பதுதான் அவசியம். கொடுத்த உணவு அளவோடு கொடுக்கப்பட்டது. வண்டிக் கடையில் தட்டு நிறைய வாங்கி உண்பது போன்றதன்று. உண்டவர்கள் 11 பேர். எல்லோரும் திடகாத்திரமான ஆடவர். ஆராய்ந்தது ஒரு நாளைய சில மணி நேரத்தை. தினந்தோறும் வருஷக்கணக்கில் அவ்வாறே உண்டால் இருதயமும் இரத்தக் குழாய்களும் என்ன ஆகும் என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வியே அன்று. ஆகவே, அதைக் காட்டித் தினமும் பொரித்த உணவு உண்ணலாம் என்று வாதிப்பது பொருந்தாது.

அந்தப் பரிசோதனை நிரூபிப்பது வேறொன்று. வெறுமையான தசை, மாவுச்சத்து எந்தப் பெயரில், எந்த டப்பாவில் வந்தது என்று பார்ப்பதில்லை, கிடைத்ததை வாங்கிக்கொள்கிறது. விசேஷப் பானமும் விசேஷக் கட்டியும் சாதாரண உணவைவிட மேலானவை அல்ல என்பதே அதன் சாரம். அப்படியானால் இட்லியும், சோறும், வாழைப்பழமும், வேக வைத்த கிழங்கும் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடுமா?

தேகப் பயிற்சிக் கூடங்களைச் சுற்றி இன்று வளர்ந்துவரும் மாவு வியாபாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரதச்சத்து மாவு என்று டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் பண்டங்களுக்குத் தொழிலாளி வாலிபர்கள் தம் சம்பளத்தில் கணிசமான பகுதியைச் செலவிடுகிறார்கள். உடல் பருக்க இத்தகைய மாவுகளை நாட வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ஆம் வருஷத்து உணவு நெறிகளில் சொல்லியிருக்கின்றன. சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் போதும் என்பது அவர்கள் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவனுக்கு இது சுமார் 50 கிராம் ஆகிறது. 50 கிராம் வேர்க்கடலையில் சுமார் 12 கிராமும், இரண்டு முட்டைகளில் சுமார் 12 கிராமும், 50 கிராம் கொண்டைக்கடலையை வேக வைத்த சுண்டலில் சுமார் 10 கிராமும் கிடைக்கின்றன. மீதி, சோற்றிலும் பருப்பிலும் மோரிலும் வந்துவிடுகிறது. பளு தூக்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமானால், இவற்றையே இன்னும் கொஞ்சம் உண்ணலாம். கடலை விற்கும் கிழவியிடம் இருப்பதை டப்பா வியாபாரியிடம் பல மடங்கு விலைக்கு வாங்குவானேன்?

இனி, அமெரிக்கச் சைக்கிள் வீரனை விட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியிடம் வருவோம். அந்த வீரன் மிதித்தது 90 நிமிஷம். நமது தொழிலாளி உலைக் களத்தின் முன் நிற்பது எட்டு மணி நேரம். ஓவர்டைம் சேர்ந்தால் அதற்கும் மேல். 65 கிலோ எடையுள்ள ஆடவன் உட்கார்ந்து வேலை செய்தால் அவனுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி போதும் என்றும், கடினமாக உழைத்தால் 3,470 கலோரி வேண்டும் என்றும் மேற்கூறிய நிபுணர்களே 2020-இல் நிர்ணயித்திருக்கிறார்கள். இந்த 1,360 கலோரி வித்தியாசத்தை அவன் எங்கிருந்தாவது சம்பாதித்தாக வேண்டும். வியர்வையில் போன நீரையும் உப்பையும் வேறு ஈடுசெய்ய வேண்டும். குறைந்த காசுக்கு, குறைந்த நேரத்தில், அதிகக் கலோரி தருவது எண்ணெயில் வறுத்த பண்டமே. அவன் அந்த வண்டியை நாடுவது நாக்கின் சபலத்தால் மட்டும் அன்று. அவனுடைய உடலும் பையும் சேர்ந்து போட்ட கணக்கினால்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பகுதி மறைந்திருக்கிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடு விளைக்கும் பொருள்கள் சேர்கின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கை மிஞ்சினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடெங்கும் அமலில் இருக்கிறது. உப்பை எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. புட்டிக் குழம்புகளும் மசாலாப் பொடிகளும் கொட்டிச் செய்த ஒரு தட்டு, அதில் பெரும் பங்கை ஒரே வேளையில் தீர்த்துவிடக் கூடும். இருபத்தைந்து வயதில் உழைப்பு இவற்றையெல்லாம் எரித்துவிடுவதுபோல் தோன்றும். நாற்பத்தைந்தில் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் கணக்குக் கேட்க வரும்போது, ஆலை அவனை நினைவில் வைத்திருக்காது.

'தொழிலாளி தானே சமைத்து உண்ணலாமே' என்று சௌகரியமாக வாழ்கிறவர்கள் கேட்பார்கள். ஓர் அறையில் பலர் முறைவைத்துப் படுக்கும் இடத்தில் அடுப்பு எங்கே வைப்பது? இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வருகிறவன், காய்கறி வாங்கி நறுக்கி வேக வைத்து உண்டுவிட்டு எப்போது தூங்குவது? வேலை நேரத்துக்கும் உணவுக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் மறக்கலாகாது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்த மசோதா சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஒருமுகமாக எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த மசோதா நிலைத்திருந்தால், பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவனிடம் 'வீட்டில் சமைத்து உண்' என்று உபதேசம் செய்யும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்?

தொழிலாளரின் உணவை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதை இந்த ஜில்லா ஏற்கெனவே கண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், திருவள்ளூர் ஜில்லாவின் பூந்தமல்லிப் பகுதியிலும் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உணவு விஷமாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு, மறு வருஷம் ஜனவரி 12-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் பொருளைச் செய்த பெண்களுக்கு நல்ல சோறு கிடைப்பதற்கு அவர்கள் நடுத்தெருவில் உட்கார வேண்டியிருந்தது. பெயர் வெளியே தெரியாத சிறிய ஆலைகளின் தொழிலாளருக்காக எந்த நெடுஞ்சாலை காத்திருக்கிறது?

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுக் கூடம் அமைக்க வேண்டுமென்று சர்க்கார் விதிக்கலாம் என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த 2020-ஆம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, காண்டிராக்ட் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே போதும் என்று அந்த வரம்பைக் குறைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பின் மற்ற ஷரத்துக்களைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பலத்த ஆட்சேபங்கள் உண்டு. எனினும், இந்த ஒரு ஷரத்தைத் தொழிலாளர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தொண்ணூறு பேரும் நாற்பது பேரும் வேலை செய்யும் ஆலைகளின் கதி என்ன என்னும் கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. தொழிற்பேட்டை என்பது சிறிய ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடம் கட்ட இயலாது என்பது உண்மையானால், எல்லாம் சேர்ந்து ஒன்று கட்ட இயலாது என்பது உண்மையாகாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். சாலையும் மின்சாரமும் தண்ணீரும் ஆலைகளுக்குக் கொண்டு சேர்க்கும் சிப்காட் நிர்வாகம், பொது உணவுக் கூடத்தையும் தொழிற்பேட்டையின் அவசிய அங்கமாகக் கொள்ள வேண்டும். செலவை ஆலை முதலாளிகள் ஆள் கணக்குப்படி பங்கிட்டுக்கொள்ளட்டும். அந்தக் கூடம் ஆபீஸ் நேரத்தில் மட்டும் திறந்திருந்து பயனில்லை. ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும், நடு இரவானாலும், அடுப்பில் சூடு இருக்க வேண்டும். இட்லியும் சோறும் பருப்பும் முட்டையும் மோரும், வடநாட்டுச் சகோதரருக்குச் சப்பாத்தியும் அங்கே கிடைக்க வேண்டும். இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2013-இல் சென்னை மாநகராட்சி, ஒரு ரூபாய்க்கு இட்லியும், 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும், 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் விற்கும் அம்மா உணவகங்களைத் திறந்து நடத்திக் காட்டியிருக்கிறது. நகரத்துக் கூலிக்காரனுக்குச் செய்ய முடிந்ததை, நாட்டின் இரும்பை வார்க்கிறவனுக்குச் செய்ய முடியாதா?

வண்டிக் கடைக்காரர்களை விரட்ட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர்களும் உழைத்துப் பிழைப்பவர்களே; சர்க்காரும் முதலாளிகளும் செய்யத் தவறியதை அவர்கள்தான் இன்றுவரை செய்து வருகிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அபராதச் சீட்டோடு மட்டும் வராமல், எண்ணெயைப் பரிசோதிக்கும் முறையையும், கழித்த எண்ணெயை விற்பதற்கு வழியையும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். பொரித்ததற்குப் பக்கத்தில் சுண்டலும் அவித்த முட்டையும் வைத்து விற்றால், வாங்குவதற்கு ஆள் இருப்பார்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. என்றாவது ஒரு நாள் நண்பர்களோடு வண்டிக் கடையில் உண்பதால் உங்கள் பயிற்சி வீணாகிவிடாது. தினசரி வழக்கமாக அதைச் செய்துகொள்ளாதீர்கள். டப்பா மாவை நம்பிக் கடன் படாதீர்கள். தேசத் தொண்டிலும் தொழிற்சங்க ஊழியத்திலும் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். கூலி உயர்வையும் போனஸையும் கேட்கும் மகஜரில் உணவுக் கூடத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். அதைக் கடைசி வரியில் எழுதிவிட்டு முதல் பேரத்திலேயே விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். உழைத்துக் களைத்தவனுக்கு நல்ல உணவை எட்டும் தூரத்திலும், கட்டும் விலையிலும் வைத்த பிறகு, அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று நாம் விமரிசனம் செய்யலாம். அதுவரை அவனுடைய தட்டைப் பார்த்துக் குறை கூறும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. திருவள்ளூர் ஜில்லா அதிகாரிகளும், சிப்காட் நிர்வாகமும், ஆலை முதலாளிகளும் காலந் தாழ்த்தாமல் இவ்விஷயத்தைக் கவனிப்பார்களாக.