கையொப்பம் மட்டும் சம்மதமாகுமா?

சத்திரசிகிச்சைக்கென வைத்தியசாலையில் படுத்திருக்கும் ஒரு கமக்காரரிடம் தாளொன்றை நீட்டி, "இதில் ஒப்பம் வையுங்கள்" என்கிறார்கள். தாளிலுள்ள மொழி அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பொருள் விளங்காது. கேட்பதற்கு நாணம், கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்ற அச்சம். ஒப்பம் வைத்துவிடுகிறார். அவரது ஒரு பரப்புக் காணியை இவ்வாறு எழுதி வாங்கியிருந்தால் அந்த உறுதியை எதிர்த்து வழக்காட நாம் தயங்கோம். காணிக்கு உள்ள நீதி உயிருக்கு இல்லையா?

சட்ட உலகம் இக்கேள்விக்கு விடை காணவே நெடுங்காலம் சென்றது. 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கில், பொறுப்புள்ள சக வைத்தியர் சிலர் ஏற்கும் முறையில் நடந்தாலே போதும் என ஆங்கில நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. நோயாளிக்கு எதைச் சொல்வது என்பதையும் வைத்தியரே அளந்தார். 2015இல் மொன்ட்கொமெரி வழக்கில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது. நீரிழிவுள்ள ஒரு தாய்க்குப் பிரசவத்தின் அபாயம் சொல்லப்படவில்லை. குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதை அறிய விரும்புவாரோ அதைச் சொல்வதே வைத்தியரின் கடமை எனத் தீர்ப்பாயிற்று.

ஆனால் நீதிமன்றம் தீங்கு நேர்ந்தபின் திறக்கும் கதவு. நம் நாட்டில் குழந்தையை இழந்த ஒரு தந்தை தொடுத்த வழக்கு 2001இல் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. கவனயீனம் கண்டறியப்பட்டபோதும், மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லையென வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் கிடைக்காத பாதுகாப்பை முன்கூட்டியே தரக்கூடியது ஒன்றே: வைத்தியரின் இடையறாத கல்வி.

கல்வியென்றால் புதிய மருந்துகளின் பெயர்களை மனனம் செய்வதன்று. உலக சுகாதார நிறுவனம் 19 வினாக்கள் கொண்ட ஒரு சத்திரசிகிச்சைப் பட்டியலை வகுத்து, புது தில்லி முதல் தன்சானியாவின் இஃபகாரா வரை எட்டு நகரங்களில் சோதித்தது. 2009இல் வெளியான முடிவு யாது? மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. புதிய இயந்திரம் எதுவுமில்லை. இவர் யார், எந்தப் பக்கம் சத்திரசிகிச்சை என்று வாய்விட்டுக் கேட்டார்கள். தாதியும் பேசினார், நிபுணரும் செவிகொடுத்தார். பெரியவர் தவறும்போது சிறியவர் தடுக்கக்கூடிய பழக்கம் உயிர் காக்கிறது!

நம் டாக்டர்மாரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியோர் அவர்தம் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர். களைத்த கை தவறும் என்பதாலேயே தவறைத் தடுக்கும் முறையைக் கற்க வேண்டும் என்கிறோம்.

ஆகவே நாம் கோருவன மூன்று.

முதலாவது, வைத்தியரின் பதிவைப் புதுப்பிப்பது தொடர்கல்வியோடு பிணைக்கப்படுக. பிரித்தானியாவில் 2012 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை வைத்தியர் தம் தகுதியை மெய்ப்பிக்கின்றனர். மருந்துக் கம்பனியின் விருந்தோடு கூடிய விரிவுரையை இக்கல்வியாகக் கணக்கிடலாகாது.

இரண்டாவது, அக்கல்வி உண்மையில் நேர்ந்த தவறுகளிலிருந்து தொடங்குக. தன் தவறை வெளியிடும் தாதியோ டாக்டரோ அதற்காகப் பழிவாங்கப்படலாகாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்மை மறைக்கப்படவும் கூடாது. இவ்வகுப்புகள் கொழும்பு மண்டபங்களோடு நில்லாமல் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் மலைநாட்டுக்கும் வருக.

மூன்றாவது, நோயாளியின் மொழியில் விளக்கும் ஆற்றலும் வைத்திய ஒழுக்கத்தின் பகுதியே என ஏற்கப்படுக. அம்மொழி அறியாதவரிடத்து மொழிபெயர்ப்பாளர் நியமிக்கப்படுக. தாயின் நோயைப் பத்து வயது மகன் மொழிபெயர்க்கும் நிலை ஒழிக.

இது இயலாத காரியமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். கடல்கடந்து வந்த அந்நியர் ஒருவரால் மக்களின் மொழியைக் கற்க முடிந்தது. இந்நாட்டில் பிறந்து, மக்களின் வரிப்பணத்தில் பயின்றவர்களால் முடியாதா?

தாளை நீட்டுமுன் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, நோயாளியின் அருகே அமர்ந்து பேசட்டும். விளங்கிய பின் வைக்கும் ஒப்பமே சம்மதம். ஏனையது வெறும் மை.