படித்த பின் தீர்ப்பு

2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னர், வன்னியின் துயரைப் பேசி வெளிவந்த நூல்களுள் மூன்றை நம் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கின்றோம். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இறுதி யுத்தத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பத்தின் கதை. 2019இல் வெளிவந்த தீபச்செல்வனின் ‘நடுகல்’ போரிலே தமையனை இழந்த தம்பியின் நினைவாக விரியும் நாவல். மூன்றாவது, விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’.

தமிழினி 2015 ஒக்டோபரில் மறைந்தார். நூல் 2016இல் அச்சேறிற்று. தாம் சார்ந்த இயக்கத்தையே அவர் அதில் விமர்சித்தமையாற் சர்ச்சை மூண்டது. எழுத்து அவருடையதுதானா என்ற ஐயமும் கிளம்பிற்று. மறுமொழி கூற அவர் இல்லை.

‘நடுகல்’ நெஞ்சுருகி நினைவுகூரும் போராட்ட வாழ்வை இத்தன்வரலாறு விசாரணைக்கு உட்படுத்துகின்றது. ஒன்றை மட்டும் படித்தோர் வன்னியிற் பாதியையே அறிவர். தம் கட்சிக்கு உகந்ததை ஏற்று, மற்றதைப் பிரித்தும் பாராது ஒதுக்குதல் கற்றோர்க்கு அழகன்று.

மூன்றும் தமிழகத்தில் அச்சானவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலை நூலகங்கள் இவற்றை வரவழைத்து அருகருகே வைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் முதலிற் படிக்கட்டும். மாணவர் தாமே படித்துத் தாமே தீர்ப்புக் கூறட்டும்.